விலையும் தண்டமும்

மாகறலிலிருந்து தினமும் பஸ்ஸேறிப் போய் வங்கியில் கணக்கு எழுதுகிறவன் நான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சொல்லை மாற்றியது. தவணை தவறியவரிடம் இனி 'அபராத வட்டி' கூடாது, 'அபராதக் கட்டணம்' மட்டுமே. அதையும் வருமானம் பெருக்கும் வழியாக்கக் கூடாது. கடன்காரருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கோ இது சொல் பற்றிய பிரச்னையாகவே பட்டது. வட்டி என்பது விலை. அபராதம் கண்டனம். ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தால் தவறும் ஒரு சரக்காகிவிடும்.

புகைக்கு இன்று நேர்வது இதுதான். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கார்பன் சந்தைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிமெண்ட், அலுமினியம் போன்ற ஆலைகள் ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று எல்லை. அதற்குள் நிற்பவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது: ஒன்றுக்கு ஒரு டன் கரியமில வாயு. தாண்டியவர் அதை வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். செய்யாதவருக்கு 2025-ன் விதிகள் இழப்பீடு விதிக்கின்றன: சான்றிதழின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்கு.

இந்த இரண்டு மடங்குதான் உறுத்துகிறது. தண்டத்தின் அளவையும் சந்தையே சொல்கிறது. விலை சரிந்தால் குற்றமும் மலிவாகிவிடும்.

அதற்காகக் கண்டனம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 1996-ல் உச்சநீதிமன்றம் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. 2025 ஜனவரியில் அதே ஆற்றின் அதே மாசுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத நேர்ந்தது. அமெரிக்காவிலோ 1990-ன் சட்டம் கந்தகப் புகையைச் சந்தைக்கு விட்டது, புகை குறைந்தது. ஆனால் அங்கே மொத்தப் புகைக்கே உச்சவரம்பு இருந்தது. இங்கே எல்லை டன் கணக்கில். உற்பத்தி பெருகினால், எல்லா ஆலைகளின் கணக்கும் நேராக இருக்கும்போதே மொத்தப் புகை கூடலாம்.

மாலையில் ஒரு ரூபாய் உதைத்தாலும் எங்களால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆனால் கணக்கு நேராவது வேறு, கடன் தீர்வது வேறு. வாங்குகிறவரும் விற்கிறவரும் பேரேட்டில் இருக்கிறார்கள். புகையைச் சுவாசிக்கிறவன் அதில் இல்லை. சந்தை இருக்கட்டும். தண்டத்தை மட்டுமாவது விலையிலிருந்து பிரித்து, அவனுக்கு நேர்ந்த சேதத்தால் அளக்க வேண்டும். இல்லையென்றால் குற்றம் என்ற சொல்லுக்கே நம் சட்டத்தில் வேலையிருக்காது.