வாகனமும் வரம்பும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்குகின்றோம்.



இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. இவற்றை ஆலயத்தில் நினைக்கின்றோம். பருவ நாட்களில் ஓதுகின்றோம். ஆயின் இவை சோதிக்கப்படும் இடங்கள் கடைவீதியும் பட்டறையும் ஆகும். நாள்தோறும் பணிக்குச் சென்றுவரும் பழைய காரைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, நீக்கிவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. இது வரவு செலவுக் கணக்கு மட்டும் அன்று. விரதத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், குறித்த காலத்திற்கு வரம்பு கட்டிக்கொள்ளத்தக்க பொருள்களை அடுக்கிச் சொல்லுமிடத்து, உணவை அடுத்து வாகனத்தையே வைத்துள்ளார். மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் அணுவிரதத்திற்கு அவர் கூறும் அதிசாரங்கள் ஐந்து: அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், உலோபம், அதிபாரவாகனம். ஐந்தில் இரண்டு வாகனத்தையே சார்ந்தவை. எருதும் வண்டியும் வழங்கிய காலத்தில் கூறப்பட்டவை ஆயினும், இவை இன்றைய வினாவிற்கும் விடை தருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வந்தவாசியை அடுத்த சிற்றூரில் வாழும் சிராவகர் ஒருவர் காஞ்சிபுரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியர் என்று கொள்வோம். போகவும் வரவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மாலை நான்கரை மணிக்குப் பணி முடிகின்றது. மார்கழி மாலையிலும் கதிரவன் மறையுமுன் இல்லம் சேர்ந்து, இரவுண்ணாமை விரதம் வழுவாது உணவு கொள்ள அவருக்குத் துணைபுரிவது, 14 ஆண்டுகள் ஓடிய ஒரு கார். கிளட்சும் பிரேக்கும் தேய்ந்தன. செப்பனிட 45,000 ரூபாய் ஆகும் என்கின்றனர் பட்டறையார். விற்றாலோ 80,000 ரூபாய்க்கு மேல் தேறாது.

"எண்பதாயிரம் பெறும் வண்டிக்கு நாற்பத்தையாயிரம் செலவா?" என்று உறவினர் வினவுவர். அக்கணக்கு பிழையானது. செப்பனிடும் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடலாகாது. அதற்கு மாற்றாக வருவதன் செலவோடு ஒப்பிடல் வேண்டும். 5 இலட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை எனில், மாதந்தோறும் ஏறத்தாழ 10,380 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டுமே 1,22,000 ரூபாயைக் கடக்கும். அவர் அஞ்சும் 45,000 ரூபாய், நாலரை மாதத் தவணைக்கும் குறைவு. செப்பனிட்ட வண்டி மேலும் ஓராண்டு செவ்வனே ஓடினாலும் எஞ்சும் பொருள் சிறிதன்று. ஆகாரதானத்திற்கும் சாஸ்திரதானத்திற்கும் அது பயன்படும்.

ஆயின் பொருள் எஞ்சுவதே முடிவன்று. ஐந்து அதிசாரங்களையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அதிவாகனமாவது, பேராசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் நெடுந்தொலைவு ஓட்டுதல். காருக்கு உயிரில்லை, வருத்தமும் இல்லை. ஆனால் உள்ளே அமர்ந்திருப்போர் உயிர்கள்; வழியில் நடப்போரும் உயிர்கள். கிளட்சு, பிரேக்கு, பாட்டரி, டயர் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றை மாற்றினால் வண்டி மீண்டும் தகுதி பெறும். அடித்தளத் தகடும் சட்டமும் துருவேறி உளுத்துப்போயின், அல்லது வெள்ளத்தில் மூழ்கி மின்கம்பிகள் கெட்டிருப்பின், ஒன்றைச் சீராக்க மற்றொன்று பழுதாகும். அந்நிலையிலும் சிக்கனம் என்று ஓட்டுவது பிரமாதம், அதாவது கருத்தின்மை. கருத்தின்மையால் உயிர்க்கு ஊறு விளைவிப்பதையே ஹிம்சை என்கின்றது நம் ஆகமம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்களையேனும் நாம் பார்த்தல் வேண்டும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மேற்புறம் தேயாதிருப்பினும் ஆண்டுகள் செல்லச் செல்ல டயர் இறுகி வெடிக்கும். மேலும், 2019க்கு முன் வந்த சிறிய கார்கள் பலவற்றில் காற்றுப்பை இல்லை. நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்வோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

அதிசங்கிரகமாவது, அளவிறந்து சேர்த்து வைத்தல். புதியதை வாங்கியபின்னும் பழையதை, "இருக்கட்டும்" என்று கொட்டகையில் நிறுத்துவோர் உளர். நின்ற வண்டியில் எலி குட்டியிடும். குளவி கூடு கட்டும். பின்னொரு நாள் அதனைத் தூய்மை செய்யப் புகுந்தால் அவ்வளவும் மடியும். ஒன்று வந்தால் ஒன்று நீங்குதல் வேண்டும்.

விஸ்மயமாவது, பிறர் அடைந்த ஆதாயம் கண்டு வியந்து உள்ளம் வெதும்புதல். திருமண வீட்டு வாயிலில் உறவினர் புதிய காரில் வந்து இறங்கும்போது, நேற்றுவரை குறையில்லாதிருந்த நம் வண்டி குறையுடையதாகத் தோன்றுகின்றது. பழுது வண்டியில் இல்லை. மானம் என்னும் கஷாயத்தில் உள்ளது. அதனைச் செப்பனிடும் பட்டறை வேறெங்கும் இல்லை.

உலோபமாவது, கிடைத்ததன்மேலும் அவாவுதல். விற்கும்போதே இது பெரிதும் வெளிப்படுகின்றது. ஓடிய தொலைவு காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்புதல், கள்ளாமை விரதத்திற்கு ஆசாரியர்கள் கூறிய கள்ள அளவைகளுள் அடங்கும். துருவை வண்ணத்தால் மறைத்து, பிரேக்கின் குறையைச் சொல்லாது விற்றால், வாங்கியவர்க்கு நேரும் விபத்தில் நம் பங்கு இல்லையென்று எவ்வாறு கூறுவோம்?

அதிபாரவாகனமாவது, தாங்கொணாச் சுமை ஏற்றுதல். ஐவர்க்கான காரில் எண்மரை ஏற்றித் தேர்த் திருவிழாவிற்குச் செல்வது இதுவே. குடும்பத்தின்மேல் ஏற்றும் கடனையும் நாம் இதன்பாற் கொள்ளலாம். தவணை கட்டும் பொருட்டுப் பிள்ளைகளின் கல்வியும் முதியோர் மருந்தும் சுருங்குமாயின், அவ்வண்டியை இழுப்பது எஞ்சின் அன்று, இல்லத்தார் அனைவருமே.

இரண்டு வழிகளிலும் ஹிம்சை உண்டு என்பதையும் மறத்தலாகாது. புதிய கார் ஒன்றிற்காக மண்ணை அகழ்ந்து, இரும்பை உருக்கி, நீரைப் பெருக்குகின்றோம். நிலமும் நீரும் தீயும் காற்றும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் எண்ணற்று மடிகின்றன. பழைய கார் புகை மிகக் கக்கும். 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிக்கு முற்பட்ட வண்டிகளில் இது கூடுதல். பட்டறையில் கழிந்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றவும் நாம் இசையலாகாது. மீனும் தவளையும் நுண்ணுயிரும் அதனால் அழியும்.

இனி, பூஜ்யபாத ஆசாரியர் சர்வார்த்தசித்தியில் சல்லேகனையை விளக்கக் கூறிய உவமை ஒன்றை நினைவோம். பண்டசாலைக்கு இடர் வந்தால் வணிகன் முதலில் இடரை நீக்க முயல்வான். நீக்க இயலாதபோது பண்டங்களைக் காப்பான். அத்துணை உயரிய நோன்பை ஓர் இரும்பு வண்டியோடு நாம் ஒப்பிடவில்லை. அவ்வுவமையின் நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். வண்டி பண்டசாலை, அதில் செல்லும் உயிரும், அது காக்க உதவும் விரதமுமே பண்டங்கள். நம் ஆசிரியரின் வண்டியில் சட்டம் உறுதியாயிருந்து, தேய்ந்தவை மட்டும் தேய்ந்திருப்பின், செப்பனிடுக. வாரந்தோறும் வழியில் நின்று, உயிர்க்கும் விரதத்திற்கும் இடையூறாயின், வருந்தாது விடுக. வைத்திருப்பதும் விடுவதும் அன்று பரிக்கிரகம். "எனது" என்னும் மூர்ச்சையே பரிக்கிரகம். பழையதன்மேல் பாசமும் மூர்ச்சை. புதியதன்மேல் மோகமும் மூர்ச்சை.

மாற்றுவதே தக்கது எனத் தெளிந்தோர், விற்பனைக் கூடத்திற்குள் நுழையுமுன், "இத்தொகைக்கு மேல் இல்லை" என்று ஜினபிம்பத்தின் முன் வரம்பு கட்டிக்கொள்க. தோல் இருக்கைகளை விலக்குக. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கும் உலகமூடத்தைக் கைவிடுக. ஓட்டத் தகாத பழைய வண்டியைப் பிறர் தலையில் கட்டாது, அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுக.

வண்டிகள் வரும், போகும். உயிர் ஏறிச் செல்லும் இவ்வுடலும் ஒரு வாகனமே. அதுவும் ஒரு நாள் நிற்கும். அந்நாளில் உடன் வருவது நாம் கட்டிய வரம்பும் காத்த கருணையும் அன்றி வேறில்லை.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!