வள்ளிக்கு முன்னால் ஆடியவள்

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நாங்கள் நான்கு பெண்கள் திருச்சியிலிருந்து ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் வரும் கிராமம் அது. அம்மன் கோவில் திருவிழாவுக்காக இரவு பத்து மணிக்கு 'வள்ளி திருமணம்' நாடகம். எங்களில் ஒருத்தி வங்கி ஊழியர், ஒருத்தி பள்ளி ஆசிரியை, இன்னொருத்தி ஆய்வு மாணவி. எங்களைச் சேர்த்து வைத்தவர் அன்றிரவு வள்ளியாக நடிக்க இருந்த நடிகை. மூன்று வருடங்களுக்கு முன் ஆசிரியையின் சொந்த ஊர்த் திருவிழாவில் தற்செயலாக அவரைப் பார்த்தோம். அதற்குப் பிறகு யாரோ கைபேசியில் எடுத்துப் போட்ட காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்தோம். நேரில் மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறைவேற இத்தனை நாள் ஆயிற்று.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "ராத்திரி பூரா கூத்தாடியைப் பார்க்க நாலு பொம்பளைப் பிள்ளைக தனியாவா போறீங்க?" அம்மாவுக்கு எங்கள் பாதுகாப்பு பற்றிய கவலை. ஆனால் 'கூத்தாடி' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் வேறொன்றும் இருந்தது. நான் கோபத்தோடு, "அவங்க கலைஞர்மா" என்றேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு எவ்வளவு தகுதி இருந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பெஷல் நாடகத்தை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியாக அந்த ஓர் இரவுக்குப் பேசி அழைத்து வருகிறார்கள். முன் ஒத்திகையும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், முன்பின் பழகாத இருவர்கூட மேடையில் நேருக்கு நேர் நின்று விடிய விடியப் பேசிவிட முடிகிறது. பாட்டுகளுக்கு நடுவே வரும் தர்க்கத்தை நடிகர்கள் அங்கேயே உண்டாக்குகிறார்கள். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து கல்யாணப் பேச்சை எடுப்பார். அவள் மறுப்பாள். இரண்டு பேருக்கும் சொல்திறம் இருந்தால் இந்த ஒரு காட்சி இரண்டு மணி நேரம்கூட ஓடும். ஒரு பெண் நள்ளிரவில், ஊர் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில், தனக்குக் கல்யாணம் ஏன் வேண்டாம் என்று வாதாடுகிறாள். நாங்கள் அவருக்கு ரசிகைகளானது இதற்காகத்தான்.

ஆனால் வள்ளி மேடைக்கு வர ஒரு மணியாகும். அதற்கு முன் பபூன் தனியாக வந்து பாடுவார், பேசுவார். பிறகு டான்ஸ் வேஷம் கட்டும் பெண் வருவார். இருவரும் சேர்ந்து ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள். பேச்செல்லாம் இரட்டை அர்த்தம். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி, அவள் எந்த ஊர்ப் பேருந்தில் எப்படி ஏறினாள் என்பதைப் பற்றியெல்லாம் பபூன் பேசப் பேச, பின்னால் நின்ற ஆண்கள் கூட்டம் விசிலடித்தது. ஆய்வு மாணவி கைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். "இதெல்லாம் எப்பத்தான் முடியும்?" என்றேன் நான். ஒரு நகைச்சுவைக்கு மட்டும் நான்கு பேருமே சிரித்துவிட்டோம். சிரித்த வெட்கத்தில் எழுந்து டீக்கடைக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது பக்கத்துப் பாயில் இருந்த பாட்டி என்னிடம் சொன்னார்: "இந்தப் புள்ள நம்ம ஊருக்கு மூணாவது வருசமா வருது. இன்னைக்கு இடது காலு சரியில்ல. சுளுக்கு போல. வலது காலுலயே தாங்கித் தாங்கி ஆடுது பாரு." பார்த்தேன். உண்மைதான். ஒரு மணி நேரமாக அந்தப் பெண்ணை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரிந்தது ஆபாசம் மட்டுமே.

ஒன்றரை மணிக்கு வள்ளி வந்தார். அன்றைய நாரதர் நல்ல பேச்சுக்காரர். கொடி படர ஒரு கொம்பு வேண்டும், பெண்ணுக்கு ஓர் ஆண் துணை வேண்டும் என்று வழக்கமான உவமையில் ஆரம்பித்தார். அதற்கு வள்ளி சொன்ன பதிலை அன்றிரவே குறித்து வைத்தேன்: "கொம்பு வேணும்னு கொடியா வந்து கேட்டுச்சு? நட்டவன்தானே ஊணினான்? சாமி, நான் வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடைச்சவ. மண்ணுக்கு அடியில கிழங்கு இருக்கிற கொடி, கொம்பு இல்லைன்னாலும் பொழைச்சுக்கும்." பாயில் இருந்த பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தம் முன்பு கேட்ட விசிலைவிடப் பெரிதாக இருந்தது. வங்கித் தோழி அழுதுகொண்டிருந்தாள்.

கதை என்னவோ மாறாது. வேடனாக வந்து, கிழவனாக வந்து, கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தி முருகன் காரியத்தைச் சாதித்துக்கொள்வார். விடியும் நேரத்தில் கல்யாணம் நடந்துவிடும். ஐந்து மணிக்கு நாடகம் முடிந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை ஒன்றைத்தான் பெண்களுக்கு ஒப்பனை அறையாகக் கொடுத்திருந்தார்கள். அனுமதி கேட்டு உள்ளே போனோம். அவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் சுடிதார் போட்ட ஓர் இளம்பெண் பெஞ்சில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நான்கு பேரும் மாறி மாறிப் புகழ்ந்தோம். கடைசியாக நான் சொன்னேன்: "அக்கா, உங்க நடிப்புக்கும் அதுக்கு முன்னாடி நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த டான்ஸை மட்டும் எடுத்துட்டா இந்த நாடகத்துக்கு எவ்வளவு மரியாதை வரும்!"

தைலம் தேய்த்த கை நின்றது. அப்போதுதான் அந்தப் பெண் யாரென்று எனக்குப் புரிந்தது.

அக்கா கோபப்படவில்லை. "நானும் பன்னிரண்டு வருசம் டான்ஸ் ஆடினவதாம்மா" என்றார். "இந்தப் புள்ள பத்து மணிக்கு ஆடலைன்னா கூட்டம் நிக்காது. கூட்டம் நிக்கலைன்னா ரெண்டு மணிக்கு நான் யாருக்கு முன்னாடி வாதாடுறது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண், "பரவாயில்லக்கா, எல்லாரும் சொல்றதுதான்" என்றாள். எல்லோரும் சொல்வதை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இதை இங்கிதக் குறைவு என்று நினைத்துக் கடந்துவிடலாம். அந்தப் பெண் அறையில் இல்லாதபோது சொல்லியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தவறு நான் சொன்ன இடத்தில் இல்லை, என் ரசனையிலேயே இருந்தது. வள்ளியை உயர்த்திப் பிடிக்க எனக்கு இன்னொருத்தி தாழ்வாகத் தேவைப்பட்டாள். 'இவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்ற நினைப்பு என் மரியாதைக்குள் கலந்திருந்தது. குலப்பெண், பொதுப்பெண் என்று நம்மைப் பிரிக்கும் பழைய கோட்டை நாங்கள் அழித்துவிடவில்லை. கொஞ்சம் நகர்த்தி, எங்களுக்குப் பிடித்தவரை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். "கூத்தாடி" என்ற அம்மாவும், "கலைஞர்" என்ற நானும் ஒரே கோட்டின் மேல்தான் நின்றிருக்கிறோம்.

தமிழ் மேடையின் வரலாறு நெடுக இந்தக் கோடு ஓடுகிறது. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்தியவர். அவருடைய நாடகத்துக்கு ஆட்களைக் கொண்டுவர ரயிலே விட்டார்கள், அதற்குப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் என்பார்கள். இன்று அவரைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த ரயிலையும், 'தாரா சசாங்கம்' நாடகத்தில் அவர் உடுத்தியிருந்த உடையையும்தான் பேசுகிறார்கள். ஒரு குழுவைக் கட்டி நடத்திய பெண்ணின் நிர்வாகத் திறமை பேச்சில் வருவதே இல்லை. கே.பி. சுந்தராம்பாளின் கதை வேறு. 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவைக்கு மாறினார், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பிறகு 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேடமேற்று ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அவர் எடுத்த முடிவு அவருடையது. அதை எடைபோட நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வெள்ளைப் புடவை இல்லாமல், அதே குரலுக்கு அதே மரியாதையை நாம் கொடுத்திருப்போமா?

கலையை வைத்துக்கொண்டு கலைஞரை அகற்றும் வேலையை நல்லெண்ணத்தோடும் செய்ய முடியும். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் சதிர் பரதநாட்டியமாகி சபா மேடை ஏறியபோது, தலைமுறைகளாக அதைக் காப்பாற்றி வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த மேடையில் இடமில்லை. "அந்த டான்ஸை மட்டும் எடுத்துட்டா" என்ற என் வாக்கியத்தின் வயது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆய்வு மாணவி என்னோடு உடன்படவில்லை. "அப்ப ஆபாசத்தை நாம விமர்சிக்கவே கூடாதா? அவ கூலிக்கு ஆடுறாங்கிறதால பபூன் பேசினது எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கூட்டம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்பைப் பந்தாடுவதை நான் ஏற்கவில்லை. அக்கா சொன்ன பதிலும் அதை நியாயப்படுத்திவிடாது. பிழைப்பு அப்படித்தான் நடக்கிறது என்று அவர் சொன்னாரே தவிர, அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பேச்சைப் பேசியவர் பபூன், ஓர் ஆண். விசிலடித்தவர்கள் ஆண்கள். சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். மேடையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னதோ அந்தப் பெண்ணை. பபூன் தன் பேச்சை மாற்றிக்கொள்ளட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விமர்சனம் பேச்சைத் தொட்டிருக்க வேண்டும். அது ஆட்டக்காரியின் வேலையில் கை வைத்தது. அவமதிப்பை எதிர்ப்பதும் அவமதிக்கப்பட்டவளை அப்புறப்படுத்துவதும் ஒன்றல்ல. பெண்களின் நலன் பேசும் நாம் இந்த இரண்டையும் எத்தனை முறை குழப்பியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம்.

வள்ளியிடம் நாங்கள் கேட்டதும் நியாயமானது இல்லை. எங்களுக்கு அவர் ஓர் ஆதாரமாகத் தேவைப்பட்டார். கிராமத்து மேடையில் ஒரு பெண் கல்யாணத்தை எதிர்த்து வாதாடுகிறாள் என்று ஊருக்குச் சொல்ல ஓர் ஆதாரம். வாதாடுவது அவருக்குத் தொழில். கதையில் வள்ளி கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்ததும் ஒத்துக்கொள்வதும் அதே தொழில்தான். ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதற்காக, நம் கொள்கையை அவர் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரமே. பக்கத்துப் பாயில் இருந்த பாட்டி எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆடுபவளின் கால் வலியைக் கவனித்தார். ரசனையில் அறம் என்று ஒன்று இருக்குமானால், அது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் காரில் இடம் இருந்தது. இருவரையும் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டோம். இறங்குவதற்கு முன் அக்கா புடவைத் தலைப்பால் காதோரத்தை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். பூச்சின் மிச்சம் தெரிந்தால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். இதைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னேன். "எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்கம்மா. மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். ஊர் ஊராகச் சுவரொட்டிகளில் புகைப்படத்தோடு அச்சாகும் பெயர் அது. இந்தப் பக்கங்களில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வரும் பங்குனியில் மறுபடி போகத் திட்டம். இந்த முறை பத்து மணிக்கே பாயில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மாதிரிப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்பதில் மட்டும் முடிவுக்கு வரவில்லை. சிரிக்காமல் இருந்தால் போதாது, நாடகம் முடிந்ததும் பபூனிடமே நேரில் போய்ப் பேச வேண்டும் என்கிறாள் ஆய்வு மாணவி. அவள் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பெண் ஆடி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்க்க நான் பழக வேண்டும்.