புதுசா, பழசா?

புந்தோங்கில் ஒரு குடும்பம். மகன் இடைநிலைப்பள்ளி பேண்டுக் குழுவில் டிரோம்போன் வாசிக்கிறான். அவனுக்குச் சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பெயர் தெரியாத கம்பெனியின் புத்தம் புதுசு. இன்னொன்று, யாரோ பல வருடம் வாசித்த யமாஹா. அம்மா சொல்வார்: "நாங்கதான் அடுத்தவங்க கழிச்சதப் போட்டு வளந்தோம். இவனுக்காவது புதுசு வாங்கணும்."

இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. புந்தோங் குடும்பங்கள் பலவற்றின் பின்னால் ஒரு ரப்பர் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தில் பழைய பொருள் மேலிருந்துதான் வரும். துரை வீட்டில் கழித்தது, கிராணி வீட்டில் கழித்தது, கடைசியாக லயத்துக்கு. கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நினைவுதான் இன்று புதுசு கேட்கிறது.

ஆனால் டிரோம்போனின் உயிர் அதன் ஸ்லைடில் இருக்கிறது. உள்குழாய் இரண்டும் பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். ஏழு நிலைக்கும் கை தடையில்லாமல் போய்வர வேண்டும். நாகஸ்வரத்தின் அணசு மாதிரி விரிந்திருக்கும் முன்வாய் கொஞ்சம் நசுங்கினால் பார்வைக்குத்தான் குறை. ஸ்லைடில் சின்ன நசுங்கல் என்றாலும் கை சிக்கும். மலிவான புதுக்கருவி பெரும்பாலும் கோட்டை விடுவதும் இங்கேதான். பழையதிலும் ஸ்லைடு கெட்டிருக்கலாம். இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கை சிக்கினால் குழாய் சரியில்லை என்று தோன்றாது. "எனக்கு வரல" என்றுதான் தோன்றும். கருவியின் குறையைப் பிள்ளை தன் குறையாக எடுத்துக்கொள்கிறான். நம் பிள்ளைகளிடம் அந்தச் சந்தேகத்தை விதைக்க ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் வேறு காசு கொடுத்து வாங்கித் தர வேண்டாம்.

அப்படியென்றால் அம்மாவின் மானம்? குரு தந்த நாகஸ்வரத்தை யாரும் 'செகண்ட் ஹேண்ட்' என்று சொல்வதில்லை. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் புது நாகஸ்வரம் செய்கிறவர்கள் தேடிப் போவதே பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத்தான். பல காலம் காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவிக்குள் யார் வீட்டு உத்தரமோ இருக்கிறது. அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஆக, இழிவு பொருளின் வயதில் இல்லை. அது நம் கைக்கு வந்த விதத்தில் இருக்கிறது. இழுத்துப் பார்த்து, விலை பேசி வாங்குகிற பழசு யாரும் போட்ட பிச்சை அல்ல. அதனால் பழையதைப் பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். விவரம் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். அவன் ஊதிப் பார்த்துவிட்டு "இது வேணாம்மா" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். லயத்தில் அவன் பாட்டிக்குக் கிடைக்காதது புதுப்பொருள் மட்டுமல்ல, அந்த ஒரு சொல்லும்தான்.