அடைத்த கதவும் அண்டை வீட்டாரும்

அடுத்த வீட்டில் சொல் தடிக்கிறது. கேட்டும் கேளாதவர் போல் இருந்துவிடுவதே பண்பு என்று நாம் கருதுகிறோம், அது சரியே. அதே வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் உயிர் அலறல் எழுந்தால், அப்போதும் நம் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருப்பது பண்பாகுமா? ஆகாது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இராது. ஆயினும், பண்பு எந்தக் கணத்தில் பாவமாக மாறுகிறது, பிறர் கதவைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களுக்கு விடை எளிதன்று. ஒரு தெருவுக்கே இது கடினமென்றால் நாடுகளுக்குச் சொல்லவேண்டுவதில்லை. இவ்வினாவை ஒரு கண்டம் முழுவதும் எதிர்கொண்ட வரலாறு ஆப்பிரிக்காவில் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1963 மே 25 அன்று அடிஸ் அபாபா நகரில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவின. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்பது அதன் சாசனத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு கெய்ரோவில் கூடியபோது, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்பதென்றும் உறுதி பூண்டனர். இதனைக் கோழைத்தனம் என்று நாம் இகழ்ந்துவிடக் கூடாது. அந்த எல்லைகள் ஐரோப்பியர் தம் வசதிக்காகக் கிழித்த கோடுகள். ஒன்றைத் தொட்டால் எல்லாம் கலையும். அந்நியன் வெளியேறி ஈரம் உலராத வீட்டுக்கு முதலில் வேண்டியது நல்லதொரு தாழ்ப்பாள் அல்லவா?

ஆனால் தாழ்ப்பாளுக்கு நல்லவன் கெட்டவன் என்ற பேதம் தெரியாது. உகாண்டாவில் 1971-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீன் சொந்த மக்களையே கொன்று குவித்தார். 1975-இல் அவ்வமைப்பின் உச்சி மாநாடு அவரது தலைநகரான கம்பாலாவிலேயே நடந்தது. தலைமைப் பதவியும் அவருக்கே கிடைத்தது. தான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நைரேரே அம்மாநாட்டுக்குச் செல்ல மறுத்தார். 1978 அக்டோபரில் அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது. அதனை விரட்டிய தான்சானியப் படை எல்லையோடு நிற்கவில்லை. 1979 ஏப்ரலில் கம்பாலாவைக் கைப்பற்றி அமீனின் ஆட்சிக்கு முடிவு கட்டியது. அவ்வாண்டு மன்ரோவியாவில் கூடிய மாநாட்டில், விதியை மீறிவிட்டதாக நைரேரேயைத் தலைவர்கள் சிலர் குறை கூறினர். எட்டு ஆண்டுக் கொலைகளுக்கு எழாத கண்டனம் எல்லை தாண்டியதற்கு எழுந்தது!

அந்த மௌனத்தின் முழு விலையை உலகம் 1994-இல் கண்டது. ருவாண்டாவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். கொலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை, அங்கிருந்த தன் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. ஆப்பிரிக்க அமைப்பிடமோ தடுக்கும் வலிமையும் இல்லை, அதற்கான விதியும் இல்லை. பின்னர், போட்ஸ்வானாவின் முன்னாள் அதிபர் மசீரே தலைமையில் அவ்வமைப்பே நியமித்த குழு, இப்பேரழிவு தடுத்திருக்கக்கூடியதே என்று 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது.

அதே ஆண்டு ஜூலையில் டோகோவின் லோமே நகரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. அதன் நான்காம் விதியில் அடுத்தடுத்து இரு உட்பிரிவுகள் உள்ளன. உறுப்பு நாடு எதுவும் மற்றொன்றின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்கிறது ஒன்று. போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்திற்கு எதிரான குற்றம் ஆகியவை நிகழுமிடத்து, பேரவையின் முடிவின்படி ஒன்றியம் தலையிடும் உரிமை உடையது என்கிறது மற்றொன்று. முரண்பாடு போல் தோன்றினும் இது முரண்பாடன்று. தனியொரு அண்டை வீட்டான் தன் விருப்பப்படி நுழைதல் ஆகாது; தெருவார் அனைவரும் கூடி முடிவெடுத்து நுழைதல் ஆகும் என்பதே இதன் உட்பொருள். சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங்கும் அவர்தம் தோழர்களும் 1996-இல் வெளியிட்ட நூலில், இறையாண்மை என்பது ஒரு பொறுப்பு என்று வாதித்தனர். நம் வழக்கில் சொன்னால் அது அமானிதம், ஆள்பவனின் சொத்தன்று. அமானிதத்தை அழிப்பவன், 'இது என் வீட்டு விஷயம்' என்று கதவடைக்க முடியாது.

விதி எழுதியாயிற்று. உயிர் காத்ததா? புருண்டியில் அதிபரின் மூன்றாம் பதவிக்காலத்தை ஒட்டி எழுந்த கலவரத்தில் இரத்தம் சிந்தியது. அவ்வுரிமையைத் துணைக்கொண்டு 5,000 பேர் கொண்ட படையை அனுப்ப 2015 டிசம்பரில் ஒன்றியத்தின் பாதுகாப்பு மன்றம் முனைந்தது. ஆனால் 2016 ஜனவரி இறுதியில் கூடிய நாட்டுத் தலைவர்கள் அனுப்பவில்லை. இசையாத அரசின் மண்ணில் படை இறங்கினால் அதுவே புதியதொரு போராகும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும், இன்று அவன் கதவைத் திறந்தால் நாளை என் கதவும் திறக்கப்படுமே என்ற அச்சம் அதனினும் வலியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நிகழ்ச்சிகள் இதனை விளக்கும். காம்பியாவில் 1994 முதல் ஆண்ட யாஹ்யா ஜம்மே 2016 டிசம்பரில் தேர்தலில் தோற்றார்; முதலில் ஏற்று, பின் மறுத்தார். மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தின் தலைவர்கள் நால்வர் அவரிடம் நேரில் சென்றனர். அவர்களுள் கானாவின் அதிபர் மகாமாவும் ஒருவர். சில நாட்களுக்கு முன்புதான் அவரும் தேர்தலில் தோற்று, அத்தோல்வியை ஏற்றுக்கொண்டிருந்தார்! பேச்சு பலிக்காமற்போகவே 2017 ஜனவரி 19 அன்று படை எல்லை கடந்தது. இரண்டு நாட்களில், பெரும் போரின்றி, ஜம்மே நாட்டை விட்டு நீங்கினார்.

நைஜரில் 2023 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதே சமூகம் ஒரு வாரக் கெடு விதித்துப் படை அனுப்புவதாக மிரட்டியது. எல்லைகள் மூடப்பட்டன; நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. இருளில் இருந்தவர்கள் தளபதிகள் அல்லர், எளிய மக்கள். படையும் செல்லவில்லை. முடிவில் நைஜர், மாலி, புர்க்கினா ஃபாசோ ஆகிய மூன்றும் 2025 ஜனவரியில் அச்சமூகத்தை விட்டே வெளியேறின. காரணங்கள் பல, ஒன்றை மட்டும் நாம் மறக்கலாகாது. 2020-இல் கினியிலும் ஐவரி கோஸ்ட்டிலும் அதிபர்கள் மூன்றாம் முறை பதவியில் அமர்ந்தபோது இதே சமூகம் தடுக்கவில்லை. துப்பாக்கியால் ஆட்சியைப் பறித்தவனைத் தண்டிக்க எழுந்தவர்கள், காகிதத்தால் அதனை நீட்டித்தவனைப் பக்கத்தில் அமர்த்தியிருந்தனர். இதனால் நைஜரின் தளபதிகள் செய்தது நியாயமாகிவிடாது. தண்டித்தவர்களின் சொல்லுக்குத்தான் எடை குறைந்தது.

ஆகவே, அண்டை வீட்டுக்குள் நுழையலாமா என்ற வினாவுக்கு முன், நுழைபவன் தன் வீட்டை எவ்வாறு வைத்திருக்கிறான் என்ற வினா நிற்கிறது. அவன் கை அப்பழுக்கற்றதாக இருக்கும்வரை குழந்தை காத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அலறல் கேட்டால் ஓடுவதே கடமை; நைரேரே தூயவரா என்று கேட்டுக்கொண்டு உகாண்டா மக்கள் காத்திருக்கவில்லை. ஆனால் பிறன் கதவைத் திறக்கும் அதிகாரத்தைச் சட்டமாக எழுதிக்கொள்பவர்கள், அச்சட்டம் தம் கதவையும் தட்டும் என்பதை உளமார ஒப்பியாக வேண்டும். காம்பியாவுக்குச் சென்ற மகாமா ஒப்பியிருந்தார். புருண்டிக்குப் படை அனுப்பாத தலைவர்களுள் எத்தனை பேர் ஒப்பியிருந்தனர்?

நம் தெருவில், நம் சமூகத்தில், அடுத்த வீட்டுக் குறை பேச வாய் திறக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் இதுவே.