எழுதி வையாத பேச்சு

மேடையில் தாளைப் பாராது பேசுவோரை உலகம் மெச்சுகிறது. உள்ளத்திலிருந்து வருவதே உண்மை, எழுதிப் படிப்பது செயற்கை என்பது பலர் கொண்ட கருத்து. இது பொருந்துமா என ஆராய்தல் நன்று.

இவ்வினா பழமையானது. மஜ்ஜிம நிகாயத்தின் 58-ஆவது சூத்திரத்தில் அபயன் என்னும் இளவரசன் பகவான் புத்தரிடம் இதனையே வினவுகிறான். கற்றோர் பலர் கேள்விகளை முன்னரே அமைத்துக்கொண்டு வருகின்றனர். அவற்றிற்கான விடைகளைப் பகவானும் முன்னரே எண்ணி வைத்துள்ளாரா, அன்றி அவை அவ்விடத்திலேயே தோன்றுகின்றனவா என்பது அவன் ஐயம். பகவான் தேரைக் காட்டி விளக்கினார். தேரின் எவ்வுறுப்பைப் பற்றிக் கேட்பினும் அபயன் உடனே விடை கூறுவான். ஏனெனில் அவன் தேரை நன்கறிந்தவன். அவ்வாறே தம்மத்தின் இயல்பை ஊடுருவி அறிந்தவருக்கும் விடை அக்கணமே தோன்றும்.

ஆகவே, தாள் இல்லாமை வேறு. ஆயத்தம் இல்லாமை வேறு. தேரை அறியாதவன் தாளின்றிப் பேசுவது துணிவன்று, பொறுப்பின்மையே.

1963 ஆகஸ்ட் 28-இல் வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங், எழுதிக் கொணர்ந்த உரையை விடுத்துத் தம் கனவைப் பற்றிப் பேசினார். அப்பகுதி தாளில் இல்லை. ஆயினும் அக்கனவை அவர் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே டெட்ராய்ட் நகரில் எடுத்துரைத்திருந்தார். கணத்தில் பிறந்ததாகத் தோன்றிய சொல், முன்னரே நாவிற் பழகி முதிர்ந்த சொல்லே.

அங்ஙனமாயின் எழுதிய சொல் இழிந்ததோ? அன்று. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகள் முன்னரே வரையறுக்கப்பட்ட சொற்களால் ஆனவை. இலட்சக்கணக்கானோர் ஒருமித்து ஏற்கும் உறுதிக்குச் சொல் நிலைத்திருத்தல் வேண்டும். துயருற்று வந்தவனிடமோ முகம் நோக்கியே பேசுதல் வேண்டும்.

அதே சூத்திரம் சொல்லுக்கு வரம்பும் வகுக்கிறது: அது உண்மையா, பயனுடையதா, காலத்திற்கு ஏற்றதா? 'மனத்தில் பட்டதைச் சொன்னேன்' என்பது இம்மூன்றுக்கும் விடையாகாது. தாளில் எழுதியதை அடித்துத் திருத்தலாம். வாய்விட்ட சொல்லைத் திரும்பப் பெற இயலாது.

அன்பர்களே! 'ஏன் மதம் மாறினாய்?' என்று கடைத்தெருவிலும் தொழிற்சாலையிலும் நம்மைக் கேட்போர் உளர். அப்பொழுது நம் கையில் தாள் இராது. நாம் கற்றதும் நாள்தோறும் ஒழுகியதுமே அங்கு விடையாக வெளிப்படும். அவ்விடைக்கு ஆயத்தம் செய்யும் காலம் கேள்வி எழுவதற்கு முன்னுள்ள காலமே.