இலாபம் வைப்பது பாவமா?



கல்வராயன் மலைப் புளியையும் தேனையும் கடுக்காயையும் வாங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கடை வைக்கும் வாலிபர் சிலருக்கு ஒரு சங்கடம் உண்டு. அடக்க விலைக்கு மேல் விலை சொல்ல நாக்கு எழுவதில்லை. ‘பிறர் பணத்தை அநியாயமாக எடுக்கிறோமோ?’ என்று மனம் உறுத்துகிறது.

உறுத்தும் உள்ளம் அல்லாஹ் தந்த நிஃமத்து. ஆனால், அது உறுத்த வேண்டிய இடம் வேறு.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவரோ இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பினார். அரைத் தீனார் அடக்கமான ஆடு ஒரு தீனாருக்கு விலை போயிற்று! நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்களா? இல்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக மூட்டை வந்து சேர வண்டி வாடகை கொடுக்கிறீர்கள். புளி காய்ந்து எடை குறைந்தாலும், விலை இறங்கினாலும் நஷ்டம் உங்களுக்கே. அந்த உழைப்புக்கும் பொறுப்புக்கும் கிடைப்பதே இலாபம். திருமறை (2:275) வியாபாரத்தை ஹலாலாக்கி, வட்டியைத்தான் ஹராமாக்கியது. விலையைக் குறைத்துக் கொடுப்பது இஹ்ஸான், கடமையன்று. கூச்சப்பட்டு முதலை இழந்தால் மனைவி மக்களின் ஹக்கும் கடன் கொடுத்தவரின் ஹக்கும் அல்லவா பாழாகும்?

அப்படியானால் மனம் எங்கே உறுத்த வேண்டும்?

சந்தை விலை அறியாத மலைவாசியை வழியிலேயே மறித்து அடிமாட்டு விலைக்கு வாங்கும்போது உறுத்தட்டும். சரக்கோடு வருவோரைச் சந்தைக்கு முன்பே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை ரத்துச் செய்யவும் உரிமை அளித்தார்கள். ஈரப் புளியை அடியில் வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பும்போது உறுத்தட்டும். தராசு முள் ஒரு மயிரிழை சாயும்போது உறுத்தட்டும்.

2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதை விற்றவரும் காசு பார்த்தவரே. காசு வந்த வழிதான் ஹலாலையும் ஹராமையும் பிரிக்கிறது.

ஆகவே, குறையைச் சொல்லி விற்பீர். எடையை நிறைத்து அளப்பீர். நிஸாபை அடைந்து ஆண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பீர். பிறகு, நியாயமான விலையைத் தலைநிமிர்ந்து சொல்வீர்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.