அருங்காட்சியகத்திற்குப் புறப்படுமுன்

கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், கடற்கரையோடு எழும்பூர் அருங்காட்சியகத்தையும் காட்டி வர எண்ணுவது உண்டு. நல்ல எண்ணமே. 1851ஆம் ஆண்டில், எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில், ஏறத்தாழ 1,100 கல், கனிம மாதிரிகளோடு தொடங்கிய நிறுவனம் அது. திமிங்கலத்தின் எலும்புக்கூடும், பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும், கல்லாகிப்போன பழங்கால உயிர்களும் அங்கே காத்திருக்கின்றன. மணலூர்பேட்டையிலிருந்து செல்வோர் திருக்கோவிலூர் வழியாக விழுப்புரம் சேர்ந்து, அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் இரயிலில் சென்றால் எழும்பூர். நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை நடக்கும் தொலைவுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கலாகாது.

பயணச் செலவு, கட்டுச்சோறு, இழக்கப்போகும் ஒரு நாள் கூலி என அனைத்தையும் நாம் கணக்கிடுகிறோம். பிள்ளை அங்கே கேட்கப்போகும் கேள்விக்கு மட்டும் நாம் ஆயத்தம் செய்வதில்லை.

இப்படி ஒரு பயணத்திற்குத் திட்டமிட்ட அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சாமி, பையன் மறைக்கல்வியில் ஆறு நாள் படைப்பைப் படிக்கிறான். அங்கே கோடி ஆண்டு என்று எழுதி வைத்திருப்பார்கள். அவன் கேட்டால் என்ன சொல்வது? சிலைகளை மட்டும் காட்டிவிட்டுக் கூட்டி வந்துவிடலாமா?”

இது எளிய மனத்தின் நேர்மையான கவலை. ஆயினும் இதற்குள் ஓர் அறநெறிக் கேள்வி மறைந்திருக்கிறது. பிள்ளையின் விசுவாசத்தைக் காப்பதற்காக உண்மையை அவன் கண்ணில் படாமல் மறைக்கலாமா?

கூடத்தைத் தவிர்த்துவிடலாம், பாடநூலைத் தவிர்க்க இயலாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிர்களின் பரிணாமம் ஒரு பாடமாகவே இருக்கிறது. அந்த நாளில் மாணவன் புவியின் வயதை மட்டுமா அறிகிறான்? தன் தந்தை தன்னை ஏன் அந்தப் பக்கம் அழைத்துச் செல்லவில்லை என்பதையும் அறிந்துகொள்கிறான். ஒன்றை மறைத்தவர் வேறு எவற்றை மறைத்தாரோ என்ற ஐயம் எழுந்தால், இறைவனைப் பற்றி அவர் சொன்னதும் அந்த ஐயத்திற்குத் தப்பாது. காக்க நினைத்ததையே இழப்பது இவ்வாறுதான்.

திருச்சபை நம்மிடம் இத்தகைய மறைப்பைக் கேட்கவில்லை. தொடக்கநூலுக்கு விளக்கம் எழுதிய புனித அகுஸ்தீன், இயற்கையைப் பற்றி அறிவுடையோர் நன்கறிந்த செய்திகளில் கிறிஸ்தவர்கள் மறைநூலின் பெயரால் தவறாகப் பேசுவது விசுவாசத்திற்கே இழுக்கு என 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். மனித உடலின் தோற்றம் குறித்த ஆய்வுக்குத் தடையில்லை என்றும், ஆன்மாவைப் படைப்பவர் கடவுளே என்றும் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் கற்பித்தார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது எனத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இல் எழுதினார்.

இந்தப் புவியியலின் அடித்தளத்தை இட்டவர்களுள் ஓர் ஆயரும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், 1666இல் இத்தாலியக் கடலில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். அதன் பற்கள், ‘நாக்குக் கற்கள்’ என மக்கள் போற்றிய கற்களை ஒத்திருந்தன. மால்டா தீவில் கிடைத்த அத்தகைய கற்களை, புனித பவுல் கல்லாக்கிய பாம்புகளின் நாக்குகள் எனப் பக்தர்கள் நம்பியிருந்தனர். அவை பண்டைய சுறாக்களின் பற்களே என்று அவர் காட்டினார். பாறை அடுக்குகளில் அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்னும் விதியை 1669இல் வெளியிட்டார். இதே மனிதர் 1667இல் கத்தோலிக்கரானார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார், 1988இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். பக்திக் கதை ஒன்று போயிற்று. அவருடைய பக்தி போகவில்லை.

‘சிறு பிள்ளை இதையெல்லாம் தாங்குமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாய் குழந்தைக்கு அளவறிந்து ஊட்டுகிறாள். பசியை அடக்குவதற்காக மண்ணை ஊட்டுவதில்லை. உண்மையை வயதுக்கேற்ற அளவில் சொல்வது வேறு. அதன் இடத்தில் பொய்யை வைப்பது வேறு. முன்னது பொறுப்பு, பின்னது வஞ்சனை. ஆறு நாள் பற்றிய பகுதி, உலகம் யாருடையது, நாம் யாருடைய பிள்ளைகள் என்பதைச் சொல்கிறது. அது எத்தனை ஆண்டு பழையது என்பதைக் கல் சொல்கிறது. இவ்வளவு எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிழை உண்டு. எலும்பைக் காட்டி, ‘மனிதனும் இவ்வளவுதான்’ என்று பிள்ளையிடம் ஏளனமாகச் சொல்வோரும் இருக்கிறார்கள். ஒரு விலங்கு எப்படி வாழ்ந்தது என்பதை எலும்பு சொல்லும். தன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத் தந்தை ஏன் நேசிக்கிறார் என்பதை அது சொல்லாது. கல்லிடம் கல்லுக்கு உரியதையே கேட்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்க்குச் சில சொற்கள். சென்னைக்குச் செல்லுமுன், இயன்றால் நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவக்கரைக்குச் சென்று வாருங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. நாள்தோறும் நாம் பார்க்கும் கல்வராயன் மலையின் பாறைகளோ 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ‘பழமை’ என்னும் சொல்லின் பொருளைப் பிள்ளை தன் ஊர்ப்பக்கத்திலேயே உணரட்டும். அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று போதும். பிள்ளை நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

விடை தெரியாத கேள்வி எழுந்தால், ‘எனக்குத் தெரியவில்லை, கேட்டு அறிவோம்’ என்று சொல்லுங்கள். தந்தையின் மதிப்பு அதனால் குறையாது. அக்கேள்வியை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்து, ஆசிரியரிடமோ பங்குத்தந்தையிடமோ பிள்ளையோடு சேர்ந்து கேளுங்கள். எழுதுகோலும் தாளும் கட்டுச்சோற்றுப் பையிலேயே இருக்கட்டும்.